கர்நாடக சங்கீதம் கிரேடு கிரேடாகக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களும், வேலைக்குப் போய்க்கொண்டே கற்க நினைக்கிறவர்களும், தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுப் பதறுகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

குழந்தையை எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆறு, ஏழு வயது சரியாக இருக்கும். வயதைவிட நான் பார்ப்பது இரண்டு விஷயம். நான் ஒரு வரி பாடினால் அதைத் திருப்பிப் பாட முயல்கிறதா, இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்காருகிறதா. இரண்டும் இருந்தால் ஐந்து வயதிலும் தொடங்கலாம். இல்லையென்றால் ஒரு வருடம் பொறுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அதுவரை வீட்டில் நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும். சமையல் நேரத்தில், காரில் போகும்போது என்று காதில் விழுந்துகொண்டே இருந்த குழந்தைக்கும் பாட்டே கேட்காமல் வந்து உட்காருகிற குழந்தைக்கும் முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரியும். கேள்வி ஞானம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பாடங்கள் எந்த வரிசையில் போகும்?

சரளி வரிசை, ஜண்டை வரிசை, மேல்ஸ்தாயி வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அப்புறம் கீர்த்தனை. ஒன்றிரண்டு இடம் மாறலாம். கீழ்ஸ்தாயி வரிசையைச் சிலர் தனியாக எடுப்பார்கள், சிலர் ஜண்டையை முடிக்கும் முன்பே அலங்காரத்துக்குப் போவார்கள். ஆனால் மொத்தத்தில் பாதை இதுதான். இந்த முறையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வேலை இருக்கிறது. சரளியில் ஸ்வரம் நிற்கும் இடம் பழகும். ஜண்டையில் ஸஸ ரிரி கக என்று இரண்டிரண்டாக வரும்போது இரண்டாவது ஸ்வரத்துக்கு ஓர் அழுத்தம் கொடுக்கிறோமே, பின்னால் வரும் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கு, அதுதான் முதல் படி. தாட்டு வரிசையில் ஸ்வரங்களைத் தாண்டிப் போய்ச் சரியான இடத்தில் இறங்கப் பழகுகிறோம். அலங்காரத்தில் ஏழு தாளமும் கைக்கு வரும்: துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம்.

அடுத்து கீதம். பெரும்பாலும் மலஹரி ராகத்தில்தான் தொடங்குவோம், அதற்குக் காரணம் உண்டு. பிள்ளை அதுவரை பாடிவந்தது மாயாமாளவகௌளை. மலஹரி அதிலிருந்து பிறந்த ராகம், ஸ்வரஸ்தானம் எதுவும் மாறவில்லை. ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ த ப ம க ரி ஸ. அதாவது நிஷாதம் கிடையாது, காந்தாரம் இறங்கும்போது மட்டும் வரும். தெரிந்த ஸ்வரங்களையே வைத்துக்கொண்டு, சிலதை விட்டுவிட்டால் வேறொரு ராகம் பிறக்கிறது என்பதைக் குழந்தை தன் தொண்டையிலேயே உணர்கிறது. இலக்கணமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. "இங்கே காந்தாரம் வருமா?" என்று கேட்டுப் பாருங்கள், பாடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டும்.

ஏன் எல்லாரும் மாயாமாளவகௌளையிலேயே தொடங்குகிறார்கள்? சங்கராபரணம் சுலபம் இல்லையா?

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் அழுத்தி வாசிக்கச் சங்கராபரணம் சுலபம்தான். குரலுக்கு வேறு கணக்கு. மாயாமாளவகௌளை 72 மேளகர்த்தாக்களில், அதாவது ஏழு ஸ்வரமும் வரும் தாய் ராகங்களில், 15-ஆவது. அதில் ஸ-வுக்கும் ரி-க்கும் இடைவெளி அரை ஸ்வரம், ரி-க்கும் க-வுக்கும் ஒன்றரை, க-வுக்கும் ம-வுக்கும் மறுபடி அரை. மேல் பாதியிலும் ப த நி ஸ அச்சாக அதே இடைவெளிகளில் நிற்கும். கீழே ஒன்றைப் பிடித்துவிட்டால் மேலே அதையே திரும்பப் பாடினால் போதும். சின்ன இடைவெளியும் பெரிய இடைவெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், சுருதி விலகினால் பாடுகிறவருக்கே சட்டென்று தெரிந்துவிடும். அடிப்படைப் பாடம் நன்றாக வந்த பிறகு அதே வரிசைகளைக் கல்யாணியிலும் சங்கராபரணத்திலும் பாட வைப்பேன், அது வேறு பயிற்சி.

மூன்று காலத்தில் பாட வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்? ஒரு காலத்தில் நன்றாகப் பாடினால் போதாதா?

போதாது. முக்கால்வாசிப் பேர் தேர்வில் தடுமாறுகிற இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை, அப்படி ஒரு முழுச் சுற்றுதான் ஓர் ஆவர்த்தனம். முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருக்க, குரல் மட்டும் இரட்டிக்க வேண்டும். பிள்ளைகள் செய்வது என்ன? குரல் வேகமெடுத்ததும் கையும் சேர்ந்து ஓடும். அப்படி ஓடினால் அது இரண்டாம் காலமே இல்லை, முதல் காலத்தை அவசரமாகப் பாடுவது.

முதல் சரளி வரிசையில் ஏறி இறங்க மொத்தம் 16 ஸ்வரம். முதல் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம் ஆகும், இரண்டாம் காலத்தில் ஓர் ஆவர்த்தனம், மூன்றாம் காலத்தில் பாதி ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும். கை அப்போது முதல் துருதத்தின் தட்டுக்கு, அதாவது ஐந்தாவது எண்ணிக்கைக்கு, வந்திருக்கும். அங்கே நிறுத்தக்கூடாது, இன்னொரு முறை பாடினால்தான் சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வந்து சேரும்.

அலங்காரத்தில் இது இன்னும் சுவாரஸ்யம். துருவ தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸரிகம கரி ஸரிகரி ஸரிகம, 4+2+4+4 என்று ஒரு வரிக்கு 14 ஸ்வரம். ஏறுவதற்கு ஐந்து வரி, இறங்குவதற்கு ஐந்து வரி. முதல் காலத்தில் வரிக்கு ஓர் ஆவர்த்தனம் என்று பத்து ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்குள் இரண்டு வரி அடங்கும், ஆக ஐந்து. மூன்றாம் காலத்தில் நான்கு வரி அடங்கும், ஆக இரண்டரை ஆவர்த்தனம். அந்த அரை ஆவர்த்தனத்தில்தான் சிக்கல். பத்து வரியும் பாடி முடித்தாயிற்று என்று பிள்ளை நிறுத்திவிடும், கை தாளத்தின் நடுவில் அந்தரத்தில் நிற்கும். முழுவதையும் இரண்டு முறை பாடினால் ஐந்து ஆவர்த்தனத்தில் சரியாக முடியும். ஏழு தாளத்துக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் எல்லாவற்றிலும் பத்து வரி. வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து கையில் தாளத்தைப் போட்டு இதைச் சரிபாருங்கள். எண்ணிப் பார்த்தவர்களுக்கு அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னால் வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடுவதும், கல்பனா ஸ்வரம் (அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) பாடிவிட்டுச் சரியாக எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடத்துக்கு) வந்து சேர்வதும் இந்தப் பழக்கத்திலிருந்து வருவதுதான். இங்கே விட்டதை அங்கே போய்ப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஒரு வருடமாக வரிசையிலேயே இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் வர்ணம் பாடுகிறாள். எங்கள் டீச்சர் மெதுவாகப் போகிறாரா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாரத்துக்கு ஒரு வகுப்பு, வீட்டில் பயிற்சி இல்லை என்றால் வரிசைக்கும் அலங்காரத்துக்கும் ஒன்றரை வருடம் ஆவது சகஜம். தினமும் பாடுகிற பிள்ளை எட்டு, பத்து மாதத்தில் கீதத்துக்கு வந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை பாடம் ஆனது என்பதை அல்ல. தம்புராவை மட்டும் போட்டுவிட்டு, கூட யாரும் பாடாமல், நோட்டைப் பார்க்காமல், தானே தாளம் போட்டு உங்கள் பிள்ளை இரண்டாம் காலத்தில் ஓர் அலங்காரம் பாடுகிறதா? பாடினால் வகுப்பு நன்றாகவே போகிறது. டீச்சர் கூடவே பாடினால்தான் வருகிறது என்றால், எத்தனை வர்ணம் முடித்திருந்தாலும் அந்தப் பாடம் இன்னும் டீச்சருடையதுதான்.

என்னென்ன தேர்வுகள் இருக்கின்றன?

தமிழ்நாட்டில் நாங்கள் சுருக்கமாக லோயர், ஹையர் என்று சொல்வது அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு. ஓவியம், தையல் போன்றவற்றோடு இந்திய இசைக்கும் கீழ்நிலை, மேல்நிலை என்று நடக்கும். தனித்தேர்வராக எழுதலாம், அதாவது எந்தக் கல்லூரியிலும் சேராமல் வீட்டில் ஒருவரிடம் கற்றுக்கொண்டே எழுதலாம். கல்வித் தகுதி, வயது, கட்டணம் எல்லாம் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கும். பழைய அறிவிப்பைப் பார்த்துவிட்டோ, வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பியோ விண்ணப்பிக்காதீர்கள்.

முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம் மட்டுமல்லாமல் நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவையும் அங்கே பாடங்கள். இந்தப் பள்ளிகளைப் பற்றி நகரத்துக்காரர்கள் பலருக்குத் தெரியவே இல்லை என்பது எனக்கு வருத்தம். அதற்கு மேலே சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள். சென்னைக் கல்லூரி 1949-இல் தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்தார். பல்கலைக்கழகப் படிப்புகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை பழமையானது.

கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று படிகள். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன.

இலங்கையில் 1931-இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வு நடத்துகிறது. தரம் ஒன்றில் சேர்ந்து ஆசிரியர் தரம் வரை முடித்தவர்கள் 'கலாவித்தகர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கர்நாடக சங்கீதம் பள்ளிப் பாடமாகவும் இருக்கிறது, சாதாரண தரப் (O/L) பரீட்சையில் செயன்முறையோடு எடுக்கலாம். மேற்படிப்புக்கு மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம், இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதி. லண்டனிலும் டொரண்டோவிலும் பாரிஸிலும் பிள்ளைகளைக் கிரேடு பரீட்சைக்கு அனுப்பும் பழக்கம் ஈழத்தமிழ்க் குடும்பங்களிடம் அவ்வளவு உறுதியாக இருப்பதற்கு இந்த நீண்ட மரபும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்வு எழுதத்தான் வேண்டுமா? பெரிய வித்வான்கள் யாரும் கிரேடு எழுதிப் பாட வரவில்லையே?

கட்டாயம் இல்லை. ஆனால் எழுதுவது நல்லது என்பதே என் கட்சி. குருகுலத்தில் குருவின் வீட்டிலேயே இருந்து காலையிலிருந்து இரவு வரை காதில் வாங்கிக்கொண்டிருந்த மாணவனுக்குத் தேர்வு தேவைப்படவில்லை, அவர் தினமும் சோதித்துக்கொண்டே இருந்தார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்து போகிற பிள்ளைக்கு அது இல்லை. தேர்வுத் தேதி என்று ஒன்று இருந்தால் பழைய பாடத்தைத் திரும்ப எடுப்போம், நோட்டைத் தூசு தட்டுவோம், அரைகுறையாக விட்ட அட தாளத்தை முடிப்போம். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து பாடும் தைரியமும் வரும்.

எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றுதான். பாடத்திட்டத்தில் பத்து உருப்படி இருக்கிறது என்பதற்காக அந்தப் பத்தை மட்டும் நான்கு மாதத்தில் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புவது. அப்படி ஹையர் வரை முடித்த பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சான்றிதழ் கையில் இருக்கும், மோகன ராக வர்ணம் சொன்னபடி பாடுவார்கள், "சரி, மோகனத்தில் நாலு வரி ஆலாபனை பண்ணு" என்றால் வாய் திறக்காது. அந்தப் பிள்ளைகள்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்களை மறுபடி ஜண்டை வரிசைக்கு அழைத்துப் போகும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கும். ஒரு கிரேடுக்கான பாடம் முழுதும் வந்து, அதற்கு அடுத்த பாடத்திலும் கொஞ்சம் போன பிறகு அந்தக் கிரேடை எழுதுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

ஊருக்கு ஊர், தேர்வுக்குத் தேர்வு மாறும், ஆனால் சில கேள்விகள் எங்கேயும் வரும்.

முதலில் சுருதி. தம்புரா ஓட, ஸ ப ஸ பாடச் சொல்வார்கள். அந்தப் பத்து விநாடியிலேயே தேர்வாளருக்குப் பாதி தெரிந்துவிடும், அதனால் அவசரப்படாமல் ஸட்ஜமத்தில் நன்றாக நின்று பாடுங்கள். அப்புறம் வரிசையாகக் கேட்க மாட்டார்கள். "ஜண்டை வரிசையில் மூன்றாவது, இரண்டாம் காலம்" என்று நடுவிலிருந்து கேட்பார்கள். "ஜம்பை தாளம் போட்டுக் காட்டு" என்பார்கள். அதன் முதல் அங்கமான லகுவில் ஒரு தட்டுக்குப் பிறகு சுண்டுவிரலிலிருந்து எண்ண வேண்டும், பிறகு அனுதுருதத்துக்கு ஒரு தட்டு, துருதத்துக்கு ஒரு தட்டும் ஒரு வீச்சும், 7+1+2. இதில் அனுதுருதத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கீதத்தின் ஒரு வரி சாகித்தியத்தைச் சொல்லி அதற்கு ஸ்வரம் கேட்பார்கள், அல்லது ஸ்வரத்தைப் பாடி ராகம் கேட்பார்கள். வர்ணம் என்றால் முதல் பாதியின் கடைசியில் வரும் முக்தாயி ஸ்வரம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவதையும், சரணத்தில் எத்துகடை ஸ்வரங்களையும் கவனிப்பார்கள்.

மேல்நிலைகளில் ராக ஆலாபனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது), கல்பனா ஸ்வரம் வரும். இதில் நீளமாகப் பாடி அசத்த வேண்டியதில்லை. பைரவி என்றால் பைரவி என்று முதல் சொற்றொடரிலேயே தெரிய வேண்டும். ஸ்வரம் பாடினால் எடுப்பைத் தவறவிடக்கூடாது. மூன்று ஆவர்த்தனம் சுத்தமாகப் பாடுவது பத்து ஆவர்த்தனம் தடுமாறுவதைவிட எவ்வளவோ மேல்.

நடுவில் மறந்துவிட்டால்? கை நிற்கக்கூடாது. தாளத்தைப் போட்டுக்கொண்டே இருங்கள், அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள்ளலாம். "சாரி" சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே நிறுத்துங்கள்.

தியரி மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது.

பாடுவதோடு ஒட்டாமல் தனியாகப் படித்தால் ஏறாது. ராக லட்சணம் எழுதப் படிக்கிறீர்களா, அந்த ராகத்தில் தெரிந்த உருப்படியைப் பாடிக்கொண்டே ஆரோகணம், அவரோகணம், எந்த ஸ்வரத்தில் அதிகம் நிற்கிறோம், எது அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 35 தாள அட்டவணையை உருப்போட வேண்டாம். ஏழு தாளத்தின் அங்கம் தெரிந்தால், லகுவுக்கு 3, 4, 5, 7, 9 என்று ஐந்து ஜாதி, ஆக ஏழைந்து முப்பத்தைந்து, தானே எழுதிவிடலாம். 72 மேளமும் அப்படித்தான்: சுத்த மத்யமம் 36, பிரதி மத்யமம் 36, ஆறாறாகப் பன்னிரண்டு சக்கரம். இந்த முறையை வகுத்த வேங்கடமகியின் கட்டமைப்பு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. புரிந்துகொண்டால் பெயர்கள் மட்டும்தான் மனப்பாடம்.

வாழ்க்கை வரலாற்றில் மும்மூர்த்திகள் கட்டாயம். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். சியாமா சாஸ்திரி (1762–1827), தியாகராஜர் (1767–1847), முத்துஸ்வாமி தீட்சிதர் (மறைந்தது 1835). யாருடைய முத்திரை எது என்று கேட்டால், பாட்டின் கடைசியில் 'சியாமகிருஷ்ண', 'தியாகராஜ', 'குருகுஹ' வருகிறதா என்று நீங்கள் பாடும் பாட்டிலேயே தேடிப் பார்த்திருந்தால் போதும். சீர்காழி மூவரையும் விட்டுவிடாதீர்கள்: முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழில் பாடியவர்கள், மும்மூர்த்திகளுக்கு முந்திய தலைமுறைகளைச் சேர்ந்தவர்கள்.

எந்தக் கட்டையில் பாடுவது? பையனுக்குக் குரல் உடைந்துவிட்டது, நிறுத்திவிடலாமா?

கீழ்ப் பஞ்சமம் கேட்கும்படியும், மேல் பஞ்சமம் கத்தாமலும் வருகிற இடம்தான் உங்கள் சுருதி, அதன் அளவைத்தான் கட்டை என்கிறோம். பெண்களுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் பொதுவாக நாலரையிலிருந்து ஐந்தரைக் கட்டை, ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு, கொஞ்சம் முன்பின் இருக்கும். வகுப்பில் பத்துப் பேரையும் ஒரே கட்டையில் பாட வைப்பது நடைமுறைக்காக. வீட்டில் பயிற்சி செய்யும்போது உங்களுக்குச் சரியான கட்டையை வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கும் அதையே சொல்லுங்கள்.

மகரக்கட்டு வந்த பையனை நிறுத்திவிடாதீர்கள். எத்தனையோ பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இப்படித்தான் பாட்டை விட்டுவிடுகிறார்கள். சுருதியை இறக்கி, மந்தர ஸ்தாயியில் மெதுவாக வரிசைகளைப் பாடட்டும், மேல் ஸ்தாயியைத் தொட வேண்டாம். தினமும் கால் மணி நேரம் போதும். மீதி நேரத்தில் தாளப் பயிற்சி, தியரி, நிறையக் கேட்பது. விருப்பம் இருந்தால் மிருதங்கமோ வயலினோ தொடங்கலாம். அந்த வருடங்களில் கிரேடு தேர்வைத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை. குரல் ஒரு இடத்தில் வந்து நின்ற பிறகு புதிதாகக் கட்டை பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்லைனில் கற்க முடியுமா?

முடியும், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒலி கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்வதால் டீச்சரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது, தாளமும் ஒத்துப்போகாது. அதனால் டீச்சர் ஒரு வரி பாடி நிறுத்த, மாணவர் தன் கையில் தானே தாளம் போட்டுத் திருப்பிப் பாட வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, டீச்சர் குரலில் சாய்ந்துகொள்ள வழியே இல்லை. தம்புரா மாணவர் பக்கத்தில் ஓட வேண்டும். ஜூம் போன்ற செயலிகள் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், நீண்ட கார்வையையும் (ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது) நடுவில் வெட்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தாளம் போடும் கை கேமராவில் தெரிய வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

யூடியூபில் பார்த்து மட்டும் கற்பது? கேட்கலாம், சந்தேகம் தீர்க்கலாம். ஆனால் உங்கள் ரிஷபம் ஏறியிருக்கிறது என்று அது சொல்லாது.

எல்லாம் தெலுங்கும் சமஸ்கிருதமுமாக இருக்கிறது. தமிழிலேயே கற்க முடியாதா?

முடியும், கற்கவும் வேண்டும். வரிசையும் அலங்காரமும் வெறும் ஸ்வரம், மொழி கிடையாது. வர்ணங்களில் பெரும்பாலானவை தெலுங்கில் இருப்பது உண்மை. தேர்வுப் பாடத்திட்டத்தில் அவை இருந்தால் பாடித்தான் ஆக வேண்டும், அப்போது பொருளைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, சொல்லை எங்கே பிரிப்பது என்று தெரிந்துகொண்டு பாடுங்கள். ஆனால் கீர்த்தனைக்கு வந்ததும் அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று தமிழில் அள்ள அள்ளக் கிடைக்கிறது. தேவாரப் பண்களைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். தக்கேசியைக் காம்போதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். பெரிய ராகங்கள் காதில் பதிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பொருள் புரிந்து பாடுகிற பிள்ளை நிரவலில் தயங்குவதும் குறைவு.

ஸ்வரப்படுத்திய புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பாடினால் போதுமா?

நினைவூட்டலுக்குப் போதும், கற்க இல்லை. 'க' என்று அச்சடித்திருக்கும். தோடியில் அந்தக் காந்தாரம் அசைகிற விதத்தை அந்த ஓர் எழுத்தால் காட்ட முடியாது. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட பெரும் தொகுப்பில் கமகங்களுக்கே தனிக் குறிகள் போட்டு எழுதினார், அதையும் பாட்டாகக் கேட்டுப் பழகியவர்தான் படிக்க முடியும். முதலில் காதால் வாங்குங்கள், பாடம் வந்த பிறகு நோட்டில் எழுதுங்கள்.

எனக்கு 45 வயது. இனிமேல் தொடங்கலாமா?

தாராளமாக. பெரியவர்களுக்குத் தாளக் கணக்கும் தியரியும் சீக்கிரம் பிடிபடும், குரல் வளையக் கொஞ்சம் நாளாகும். தினமும் அகார சாதகம் செய்யுங்கள், அதாவது வரிசைகளை ஸ ரி க என்று சொல்லாமல் 'ஆ' என்று பாடுவது. உங்களுக்குக் கிரேடு அவசியமில்லை, ஆசை இருந்தால் எழுதுங்கள். பிள்ளைகளோடு ஒரே அறையில் காத்திருக்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வயலின், வீணைக்கும் இதே பாடமா?

இதே வரிசைதான். கூடவே விரல், வில், மீட்டு என்று தனிப் பயிற்சிகள் சேரும், அதனால் தொடக்கம் மெதுவாக இருக்கும். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு பாடத்தையும் பாடிவிடுங்கள்.

ஊர் மாறிவிட்டோம். புதிய டீச்சர் அதே வர்ணத்தை வேறு மாதிரி சொல்லித்தருகிறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், அது பாடாந்தர வித்தியாசம், அதாவது குருவழிக்குக் குருவழி பாடம் மாறுவது. இரண்டையும் கலக்காதீர்கள். புதிதாகக் கற்பதை அவர் வழியில் கற்றுக்கொள்ளுங்கள், பழையதை முன்பு கற்றபடி பாட அனுமதி கேளுங்கள், பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். தேர்வுக்கு முந்திய ஆறு மாதத்தில் மட்டும், தவிர்க்க முடிந்தால், டீச்சரை மாற்ற வேண்டாம்.

தினமும் எவ்வளவு நேரம் பாட வேண்டும்?

தொடக்கத்தில் அரை மணி நேரம், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பாடி மற்ற நாள் விட்டுவிடுவதில் பயனில்லை. ஐந்து நிமிடம் ஸட்ஜமத்தில் கார்வை, பத்து நிமிடம் வரிசை, அலங்காரம் மூன்று காலத்தில், மீதி நேரம் புதுப் பாடம். வர்ணத்துக்கு வந்தவர்களும் வரிசையை விடக்கூடாது.

ஹையர் முடித்தாயிற்று. அடுத்து?

பள்ளியில் இசை ஆசிரியராக வேண்டும் என்றால் ஹையரோடு அரசு நடத்தும் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் முடிக்க வேண்டும், கோடை விடுமுறையில் நடக்கும். ஆழமாகப் படிக்க ஆசை என்றால் இசைக் கல்லூரி. மேடை ஏற ஆசை என்றால் சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வானொலித் தரம் என்று ஒன்று உண்டு: அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தருவார்கள். கச்சேரி உலகில் மதிப்பு அதற்கு அதிகம். வயது பத்துக்கும் பதினான்குக்கும் இடையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் பண்பாட்டுப் பயிற்சி மையமான சிசிஆர்டி தரும் உதவித்தொகை இருக்கிறது, அதற்கு ஹையர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பள்ளியில் கேளுங்கள்.

இது எதுவும் வேண்டாம், வீட்டில் பாடினால் போதும் என்கிறவர்களும் வகுப்பை உடனே நிறுத்திவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு புதுக் கீர்த்தனை, வாரத்துக்கு ஒரு ராகத்தை எடுத்து விடாமல் கேட்பது என்று இன்னும் இரண்டு வருடம் போங்கள். அட தாள வர்ணம் ஒன்றை இரண்டு காலத்திலும் பாடப் பழகுங்கள். பைரவியில் இருப்பதை எடுத்தால் நல்லது, முழுதாகக் கைவர ஆறு மாதம் ஆகும்.